ஆர்கன் முழங்கும் கராஜ் ராக்: டெட்லி ஸ்னேக்ஸ் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

த டெட்லி ஸ்னேக்ஸ் என்பது கனடாவில் டொராண்டோ நகரத்து இசைக்குழு. 1996-இல் தொடங்கி 2006-இல் கலைந்துபோனது. பத்துப் பேரிடம் பெயரைச் சொன்னால் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே அதிசயம். நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததில் என் நண்பர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடு திரும்பி வந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஓரிடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கராஜ் ராக்னா என்ன? கார் ஷெட்டுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதல்முறை நேரடியாக வாசித்தார்கள். அதைப் பார்த்த பள்ளிக்கூடப் பையன்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெருவுக்குத் தெரு குழு சேர்த்தார்கள். வீட்டுக்குள் டிரம்ஸ் அடித்தால் யார் விடுவார்கள்? காரை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் வாசித்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. மூன்று கார்ட்ஸ், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், தெரிந்தால் போதும், நான்காவது தெரியும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அந்த அவசரம்தான் இந்த இசையின் உயிர்.

அந்தக் காலத்தில் வாசித்தவர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. 1972-இல் லென்னி கே என்பவர் அப்படிப்பட்ட 27 பாடல்களைத் தொகுத்து 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். மறந்துபோன குழுக்களைத் தேடிப் பிடித்துக் கேட்கும் பழக்கம் பரவியதற்கு அந்தத் தொகுப்பு பெரிய காரணம்.

ஆர்கன்னா சர்ச்சில் ஆளுயரக் குழாய்களோட இருக்குமே, அதுவா?

குடும்பம் அதுதான், ஆள் வேறு. குழாய் ஆர்கனில் காற்று ஊதிச் சத்தம் வரும். ராக் குழுக்கள் எடுத்துக்கொண்டது மின்சார ஆர்கன். அதிலும் 1960களில் மேடைக்குத் தூக்கிப்போக வசதியாகச் சின்னதாகச் செய்யப்பட்டவற்றுக்குக் காம்போ ஆர்கன் என்று பெயர்.

உள்ளே நடப்பது எளிமையானது. மேல் ஆக்டேவின் (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான ஒரு சுர வரிசை) 12 சுரங்களுக்கு 12 சின்ன மின்சுற்றுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். கீழ் ஆக்டேவ்கள் அந்த அதிர்வைப் பாதி பாதியாகக் குறைத்துக் கிடைப்பவை: நொடிக்கு 440 அதிர்வு, 220, 110 என்று. கட்டையை அழுத்தினால் கதவு திறக்கிறது, விட்டால் மூடுகிறது. சுரம் எப்போதும் உள்ளே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது, நம் காதுக்கு வருவது மட்டும்தான் விரலின் கையில் இருக்கிறது.

ஹாமண்ட், வாக்ஸ், ஃபார்ஃபிசான்னு மூணு பேர் சொல்றீங்க. எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் ஆர்கன் செய்த கம்பெனிகளின் பெயர்கள். காதுக்கு மூன்றும் மூன்று ருசி. ஹாமண்டில் மின்சுற்றுக்குப் பதிலாக 91 பல்சக்கரங்கள் ஒரு மோட்டாரில் சுற்றும். சத்தம் கனமாக, சூடாக வரும். அதன் பெரிய மாடல் பி-3, பெஞ்ச், பெடல் எல்லாம் சேர்த்தால் 180 கிலோவுக்கு மேல். தூக்க நான்கு பேர் வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களால் வாங்கவும் முடியாது, மாடி ஏற்றவும் முடியாது.

வாக்ஸ் கான்டினென்டல் 1962-இல் இங்கிலாந்தில் வந்தது. ஆரஞ்சு கலந்த சிவப்பு மேல்பலகை, வளைந்த பளபளக்கும் கால்கள், வெள்ளைக் கட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை. சத்தம் மெல்லியது, கூர்மையானது. ஃபார்ஃபிசா இத்தாலிக்காரர்களுடையது. இன்னும் மூக்கால் பேசுகிற, கொஞ்சம் சீறுகிற சத்தம். அந்தக் கம்பெனிப் பெயரை விரித்தால் ஒன்றுசேர்ந்த அக்கார்டியன் தொழிற்சாலைகள் என்று பொருள் வரும். அக்கார்டியனும் நம் ஆர்மோனியமும் உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ஒரே வகை வாத்தியங்கள். ஃபார்ஃபிசாவை முதலில் கேட்டபோது எங்கேயோ பழகின குரல் மாதிரி எனக்கு இருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பழைய தமிழ்ப் படப் பாட்டுல கேட்ட சத்தம் மாதிரி இருக்கே?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். காம்போ ஆர்கன் என்ற சொல்லே சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கியதுதான். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில், கிதாரோடு காம்போ ஆர்கனும் வாசித்தவர். கனடாக் குழுவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. வாத்திய வகை ஒன்று என்பதால் காது அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான்.

பியானோ இருக்கும்போது எதுக்கு ஆர்கன்?

பியானோவில் மெதுவாகத் தொட்டால் மெதுவாக ஒலிக்கும், ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும், ஒலித்த உடனே தேய ஆரம்பிக்கும். ஆர்கனில் இது எதுவும் கிடையாது. பூ மாதிரித் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம். விரல் இருக்கும்வரை அதே அளவில் நிற்கும். காலுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும், மொத்தச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அதைத் தவிர வாசிப்பவர் கையில் மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான். எப்போது அழுத்துவது, எப்போது எடுப்பது.

திருவிழாக் கச்சேரிகளில் சில வருடம் நான் கீபோர்டு வாசித்தேன். குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் என் விரலை அழுத்தும்போது பார்க்கவே மாட்டார், எடுக்கும்போதுதான் பார்ப்பார். "தம்பி, லேட்டா எடுக்கிறே" என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். டெட்லி ஸ்னேக்ஸைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதும் அதுதான். ஆர்கன் இசையில் விரல் எழும் இடத்தைக் கேளுங்கள்.

சரி, யார் இந்த டெட்லி ஸ்னேக்ஸ்? எத்தனை பேர்?

முன்னால் நிற்பவர் இருவர். ஆந்த்ரே எதியே பாடகர், கிதார் வாசிப்பவர். மேக்ஸ் மெக்கேப்-லோகோஸ் ஆர்கன் வாசிப்பவர். மேடையில் அவருக்குப் பெயர் 'ஏஜ் ஆஃப் டேஞ்சர்'. போகப்போக அவரும் பாட்டு எழுதினார், பாடினார். பின்னால் பேஸ், டிரம்ஸ், டிரம்பெட், சாக்ஸபோன் என்று ஒரு கூட்டமே உண்டு. கிதாரும் டிரம்ஸும் மட்டும் உள்ள குழுக்களுக்கு நடுவில் இந்தக் கூட்டம்தான் இவர்களை வேறாகக் காட்டியது. கேட்டால் ஒரு கல்யாண ஊர்வலம் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான்கு ஆல்பங்கள். 'லவ் அன்டன்' 1999-இல், 'ஐம் நாட் யுவர் சோல்ஜர் எனிமோர்' 2001-இல், 'ஓட் டு ஜாய்' 2003-இல், 'போர்செல்லா' 2005-இல். இரண்டாவதில் மெம்ஃபிஸ் நகரத்து கிரெக் கார்ட்ரைட் குழுவோடு சேர்ந்துகொண்டார். ஒப்லிவியன்ஸ் என்ற குழுவால் கராஜ் ராக் உலகத்தில் பெரிய பெயர் பெற்றவர் அவர். இப்படி ஒருவர் தேடிவந்து சேர்வது சின்னக் குழுவுக்கு எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்பதை இந்த இசையைப் பின்தொடர்பவர்கள் அறிவார்கள்.

நாலு ஆல்பத்துல எதை முதல்ல கேக்கணும்?

'ஓட் டு ஜாய்'. முதல் ஆல்பத்தில் தொடங்கினால் இரைச்சலில் பயந்துவிடுவீர்கள். கடைசி ஆல்பத்தில் தொடங்கினால் இது ராக்கா என்று சந்தேகம் வரும். மூன்றாவதில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதைக் கேட்டுவிட்டு பின்னோக்கி 2001-க்குப் போங்கள், அப்புறம் 'போர்செல்லா'. முதல் ஆல்பத்தைக் கடைசியாகக் கேளுங்கள். அதற்குள் காது தயாராகியிருக்கும்.

எல்லாம் ஒரே கூச்சலா இருக்கு. இதுல ஆர்கன் எங்கேன்னே தெரியலையே?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் போன் ஸ்பீக்கரை விடுங்கள். எவ்வளவு மலிவானதானாலும் ஹெட்போன் போதும். கிதார் ஒவ்வொரு அடியும் பளீரென்று எழுந்து தேய்ந்துபோகும். டிரம்ஸ் எழுந்த உடனே செத்துப்போகும். பாடகர் வரி முடிந்து மூச்சு வாங்குவார். அந்த மூச்சு இடைவெளியில் எது தேயாமல் நின்றுகொண்டிருக்கிறதோ அதுதான் ஆர்கன். ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் தவறவிட மாட்டீர்கள்.

பிடித்த பிறகு அதே பாட்டை மறுபடி போடுங்கள். இப்போது பாடகரை விட்டுவிட்டு அந்தச் சத்தம் நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள். சில இடத்தில் டிரம்ஸ் அடியோடு சேர்ந்து சட்டென்று வெட்டும். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றால் திடீரென்று வீட்டின் அமைதி கேட்குமே, அப்படி. சில இடத்தில் எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு நொடி கூடுதலாக நிற்கும். அந்த ஒரு நொடி நெஞ்சைப் பிசையும். ஒரே கார்ட், ஒரே சத்தம், எடுக்கும் நேரம் மட்டும் வேறு. இவ்வளவு வித்தியாசம் அதிலிருந்து வருகிறது.

காது இன்னும் பழகவில்லை என்றால், ஆர்கன் தெளிவாகக் கேட்கும் ஒன்றில் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு 1964-இல் ஒரே டேக்கில் பதிவுசெய்த 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' அதற்குப் பொருத்தம். ஆலன் பிரைஸ் வாக்ஸ் கான்டினென்டல் வாசித்திருக்கிறார். கிதார் மட்டும் ஒவ்வொரு தந்தியாக நடந்துபோகும் தொடக்கத்தை முதலில் கேளுங்கள். ஆர்கன் உள்ளே வந்ததும் அறையின் வெப்பம் ஏறுவதைக் கவனியுங்கள். நடுவில் தனி வாசிப்பும் இருக்கிறது, தவறவிடவே முடியாது.

ரெக்கார்டிங் ஏன் இவ்வளவு மோசமா இருக்கு? என் ஹெட்போன் பழுதா?

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்தி ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தால் டிரம்ஸ் சத்தம் பாடகரின் மைக்கில் விழும், ஆர்கன் சத்தம் டிரம்ஸ் மைக்கில் விழும். தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டினால் சுத்தமாக வரும், ஆனால் ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டு வாசித்த உணர்வு போய்விடும். இந்த வகைக் குழுக்கள் சுத்தத்தை விட்டு அந்த உணர்வை வைத்துக்கொள்கின்றன. எனக்கும் முதலில் காது வலித்தது. மூன்றாவது முறை கேட்கும்போது பழகிவிட்டது.

பாடகருக்குப் பாடத் தெரியாதா? கத்துறாரே?

தெரியும். அவர் பின்னால் தனியாக வெளியிட்ட ஆல்பங்களைக் கேளுங்கள். 2017-இல் வந்த 'அண்டர் கிரேப் லீவ்ஸ்' என்பதில் காதருகே பேசுவதுபோல் அவ்வளவு மெதுவாகப் பாடுகிறார். டெட்லி ஸ்னேக்ஸில் அவர் கத்துவது அந்த அறையில் டிரம்பெட்டையும் ஆர்கனையும் தாண்டிக் குரல் வரவேண்டும் என்பதால். தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர் உச்சத்துக்குப் போகும்போது சொற்கள் உடையுமே, அந்த உடைசல்தான் இங்கே பாட்டு.

கனடாவுக்கும் ஆர்கனுக்கும் ஏதாவது தனி உறவு இருக்கா?

இருக்கிறது, அதுவும் டொராண்டோவைச் சுற்றியே நிறைய. ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரத்தில் வளர்ந்த கார்த் ஹட்சனை, 1961-இல் ரோனி ஹாக்கின்ஸ் என்ற ராக் பாடகரின் குழு சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது. ஹட்சன் முறையாக இசை படித்தவர். ராக் குழுவில் சேர்ந்தால் படிப்பு வீணானது என்று வீட்டில் நினைப்பார்களே என்று தயங்கினார். கடைசியில் லோரி என்ற கம்பெனியின் புது ஆர்கன் வாங்கித் தரவேண்டும், மற்றவர்களுக்கு இசைப்பாடம் சொல்லித்தருவதற்காகத் தனிச் சம்பளம் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சேர்ந்தார். அந்தக் குழுதான் பிறகு ஹாக்கின்ஸைவிட்டுப் பிரிந்து 'த பேண்ட்' என்று உலகப்புகழ் பெற்றது. 'செஸ்ட் ஃபீவர்' பாடலின் தொடக்கத்தில் அவர் தனியாக ஆர்கன் வாசிப்பதை ஒருமுறை கேளுங்கள். 2025 ஜனவரியில் அவர் காலமானபோது, குழுவின் மூல உறுப்பினர்கள் ஐந்து பேரில் கடைசி ஆளும் போய்விட்டார்.

இன்னொருவர் கோல்டி மெக்ஜான். டொராண்டோவில் ஸ்பாரோ என்ற குழுவில் வாசித்தார். அது அமெரிக்கா போய் ஸ்டெப்பன்வுல்ஃப் ஆனது. மோட்டார் சைக்கிள்காரர்களின் கீதமாகிப்போன 'பார்ன் டு பி வைல்ட்' பாட்டில் அலறும் ஆர்கன் அவருடையது. இவர்களைப்போல வெளியே தெரியாமல் போனவர்களும் உண்டு. 1967-இல் டொராண்டோவில் ஏ பாசிங் ஃபேன்சி என்ற குழு இருந்தது. 'ஐம் லூசிங் டுநைட்' என்ற அவர்கள் பாட்டில் ஆர்கனை எடுத்துவிட்டால் மிச்சம் பாதிகூடத் தேறாது. டெட்லி ஸ்னேக்ஸின் சத்தத்துக்குப் பின்னால் ஊரின் இந்த நினைவும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்படீன்னா அந்தக் காலத்துக் கனடாக் குழுக்கள் பேரு ஏன் யாருக்குமே தெரியலை?

வானொலி போடவில்லை. கனடாக்காரர்களின் வானொலியே கனடாக்காரர்களைப் போடவில்லை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஓடினால்தான் பாட்டுக்கு மதிப்பு என்று இருந்தது. 1965-இல் வினிப்பெக் நகரத்துக் குழு ஒன்றின் பாட்டை வெளியிட்ட கம்பெனி, குழுவின் பெயரை மறைத்து 'கெஸ் ஹூ?' என்று மட்டும் லேபிளில் போட்டு நிலையங்களுக்கு அனுப்பியது. ஏதோ பிரிட்டிஷ் குழு என்று நினைத்தாவது போடுவார்கள் என்ற எண்ணம். பாட்டு ஓடியது, அந்தக் கேள்வியே குழுவுக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. சொந்த ஊரில் கேட்கப்பட முகத்தை மறைக்கவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1971 ஜனவரியிலிருந்துதான் ஏஎம் வானொலியில் 30 சதவீதம் கனடாப் பாடல்கள் இருக்கவேண்டும் என்று அரசு விதி வந்தது. ஷெட் பையன்களுக்கு அது ஐந்து வருடம் தாமதம். அதற்குள் அவர்களில் பலர் கிதாரை விற்றுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

டெட்லி ஸ்னேக்ஸ் காலத்துல அந்த விதி இருந்ததே. அப்புறமும் ஏன் பெரிய ஆள் ஆகலை?

நல்ல கேள்வி. 2001-இல் கராஜ் ராக்குக்குத் திடீரென்று ஒரு அலை அடித்தது. ஸ்ட்ரோக்ஸ் வந்தார்கள், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் வந்தார்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் அந்த வருடத்து ஆல்பம் முதலில் வெளியானது சிம்பதி ஃபார் த ரெக்கார்ட் இண்டஸ்ட்ரி என்ற சின்னக் கம்பெனியில். டெட்லி ஸ்னேக்ஸின் முதல் ஆல்பமும் அதே கம்பெனிதான். ஒரே வாசலில் நின்றவர்களில் ஒருவருக்கு உலகம் கிடைத்தது.

என் கணிப்பைச் சொல்கிறேன். அந்த அலையில் ஏறியவர்களைப் பத்திரிகைப் படத்தில் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்ளலாம், ஒரு வரியில் விளக்கலாம். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்றால் சிவப்பு வெள்ளை உடை, இரண்டே பேர், இப்படி. ஒரு கும்பல், ஒரு ஆர்கன், ஊதுகிற வாத்தியங்கள், இரண்டு பாடகர்கள், ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும் சத்தம் என்றால் யாருக்கும் சட்டென்று விளக்க வராது. அதோடு விதி வானொலிக்குத்தான். லாஸ் ஏஞ்சல்ஸின் இன் த ரெட் போன்ற சின்னக் கம்பெனி வழியாக இசைத்தட்டு விட்ட குழுவைப் பகல்நேர வானொலி எந்த விதி இருந்தாலும் தேடிப்போகாது.

ஒரு விருதுப் பட்டியலில் வந்தாங்கன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம்தான். கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு 2006-இல் தொடங்கியது. விற்பனையைக் கணக்கில் எடுக்காமல் ஆல்பத்தின் தரத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பது. முதல் வருடத்தின் இறுதிப் பட்டியலில் இருந்த 10 ஆல்பங்களில் 'போர்செல்லா'வும் ஒன்று. பரிசு ஃபைனல் ஃபேண்டசி என்ற பெயரில் இசைத்த ஓவன் பாலெட்டுக்குப் போனது. டெட்லி ஸ்னேக்ஸ் கலைந்ததும் அதே வருடம்தான்.

ஆனா 'போர்செல்லா' கராஜ் ராக்கே இல்லைன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். நீங்க என்ன சொல்றீங்க?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேகம் குறைந்துவிட்டது, வாத்தியங்கள் கூடிவிட்டன, பாட்டுகளுக்கு நடுவே மௌனம் வந்துவிட்டது. முதல் ஆல்பத்தை நேசித்தவருக்குத் துரோகமாகத் தெரியலாம்.

நான் அதை அப்படிக் கேட்கவில்லை. முன்பு சொன்னேனே, ஆர்கனில் வாசிப்பவர் கையில் இருப்பது நேரம் மட்டும் என்று. வேகமான பாட்டில் அழுத்துவதும் எடுப்பதும் குத்துச்சண்டை மாதிரி இருக்கும். பாட்டு மெதுவாகும்போது அதே பழக்கம் பிரார்த்தனை மாதிரி ஆகிவிடுகிறது, ஏனென்றால் விரலை எடுக்காமல் நீண்ட நேரம் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. 'ஓ லார்ட், மை ஹார்ட்' என்று பாட்டுக்குப் பெயர் வைக்கும் இடத்துக்கு இவர்கள் வந்து சேர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பத்து வருடம் ஒன்றாக வாசித்தவர்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

ஆங்கிலப் பாட்டு வரி எனக்குச் சரியாப் புரியாது. பரவாயில்லையா?

முதல் சுற்றுக்குப் பரவாயில்லை. இந்தப் பாடகர் உச்சத்தில் பாடும்போது ஆங்கிலக்காரர்களுக்கே பாதி வரி புரியாது. பாட்டுப் பெயர்களைப் பார்த்தாலே மனநிலை தெரிந்துவிடும்: 'ஓட் டு ஜாய்' ஆல்பத்தில் ஒன்று 'ஐ கான்ட் ஸ்லீப் அட் நைட்', ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொன்று 'க்ளோஸ்ட் கேஸ்கெட்', மூடிய சவப்பெட்டி. சாவு, தூக்கமின்மை, கடவுளிடம் முறையீடு. ஆனந்தத்துக்கு வாழ்த்துப்பா என்று பெயர்வைத்த ஆல்பத்தில் இவை இருக்கின்றன, இருந்தும் ஆடத் தோன்றுகிறது. நம் ஊர்ச் சாவு மேளத்துக்குக் கால் தானாக ஆடியதுண்டென்றால் இது உங்களுக்கு விளக்கமில்லாமலே பிடிபடும்.

1966-ஐ 1999-ல திரும்பச் செஞ்சா அது காப்பிதானே? இதுல என்ன பெருமை?

இதைக் கேட்ட தம்பியிடம் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன். 1966-இன் பையன்களுக்கு வேறு வழி தெரியாது, கையில் இருந்ததை வைத்து வாசித்தார்கள். 1999-இன் பையன்களுக்குக் கணினி இருந்தது, எந்தச் சத்தமும் கிடைத்திருக்கும். எல்லாம் கிடைக்கும் இடத்தில் ஒரே சத்த அளவில் ஒலிக்கும் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பது வேறு காரியம். அந்தக் குறுக்கத்துக்குள் இருந்து எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்க்கிறார்கள்.

அதோடு காப்பி என்றால் நான்கு ஆல்பமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். முதலாவதையும் நான்காவதையும் பெயர் சொல்லாமல் ஒருவருக்குப் போட்டுக்காட்டினேன். ஒரே குழு என்று அவர் நம்பவில்லை.

நான் ஸ்கார்பரோவுலதான் இருக்கேன். இத்தனை வருஷமா இங்கே யாரும் சொல்லலையே! இப்ப நேர்ல பாக்க முடியுமா?

ஸ்கார்பரோ டொராண்டோவின் ஒரு பகுதிதான், ஆனால் குழு கலைந்துவிட்டதால் அந்தக் கூட்டத்தை அப்படியே பார்க்க வழியில்லை. இருந்தாலும் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. ஆந்த்ரே எதியே ஓவியர். முன்பு சொன்ன மெதுவான ஆல்பத்துக்குப் பிறகு 2019-இலும் 2021-இலும் அதன் தொடர்ச்சியாக இன்னும் இரண்டு வெளியிட்டார். மேக்ஸ் மெக்கேப்-லோகோஸ் நடிகரானார், 2021-இல் வந்த 'ஸ்டான்லிவில்' என்ற படத்தை இயக்கினார். உங்கள் ஊரில் பழைய இசைத்தட்டுக் கடைகள் இன்னும் இருக்கின்றன, போய்க் கேளுங்கள். எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

தேடினா விஷப்பாம்பு வீடியோவா வருது. எப்படித் தேடுறது?

குழுவின் பெயரோடு ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். 'ஓட் டு ஜாய்' என்று தனியாகப் போட்டால் பீத்தோவன் வருவார், அதனால் 'போர்செல்லா' சேர்த்துத் தேடுவது சுலபம். பாடகரின் பெயரைப் போட்டால் அதே எழுத்துள்ள அமெரிக்க பேஸ்பால் வீரர் ஒருவர் பக்கம் பக்கமாக வருவார். பெயரோடு டொராண்டோ என்று சேர்த்தால் பாடகர் கிடைப்பார்.

வீட்டுல ஒரு சாதாரண கீபோர்டு இருக்கு. அந்தச் சத்தம் எடுக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். முதல் வேலை, டச் ரெஸ்பான்ஸ் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கீபோர்டு பியானோ மாதிரி நடந்துகொள்ளும். விரலை எடுத்த பிறகும் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலைக் கழற்றி வையுங்கள். ஆர்கன் குரல்களில் இருப்பதிலேயே மெல்லிய, மூக்கால் பேசுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரிவெர்ப் என்ற எதிரொலி அமைப்பு இருந்தால் குறையுங்கள். கிதாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டி, கிதார் ஆம்ப், யாரிடமாவது கிடைத்தால் அதில் மாட்டி, சத்தம் கொஞ்சம் கிழியும்வரை ஏற்றுங்கள். கிதார் ஆம்பில் கீபோர்டின் கீழ்க்கட்டைகளை ஓங்கி வாசித்தால் ஸ்பீக்கர் கெட்டுவிடும், நடுவிலும் மேலேயும் இருங்கள்.

அப்புறம் வலது கையால் மூன்று சுரம், ஒரே ஒரு கார்ட். தாளம் தட்டும் மெட்ரோநோம் ஓடட்டும். முதல் அடியில் அழுத்தி இரண்டாம் அடியில் எடுங்கள். அதையே பத்து நிமிடம் செய்யுங்கள். பிறகு எடுக்கும் இடத்தை அரை அடி முன்னால் கொண்டுவாருங்கள், அப்புறம் அரை அடி பின்னால். பதிவுசெய்து கேட்டால், அழுத்தியதெல்லாம் சரியாக இருக்கும், எடுத்ததெல்லாம் முன்னும் பின்னுமாக இருக்கும். எனக்கு இன்னும் நான்காவது அடியில் லேட்டாகத்தான் வருகிறது.